டயர் இடம் மாற்றிய பின் எரியும் விளக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பெரிய பேச்சாளன் இல்லை. 1996ல் இந்தக் கல்லூரியிலிருந்து வெளியே போனவன். திருச்சியில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். சங்கச் செயலாளர் போன் பண்ணி, "நீ பேசணும்டா" என்றபோது, "என்னைப் பத்தி என்ன இருக்கு பேச? டயரைக் கழட்டுறேன், மாட்டுறேன்" என்றேன். "அதையே பேசு" என்றார். அதனால் டயரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும் நான் நன்றாகச் செய்த வேலையைப் பற்றி அல்ல. தப்பாகச் செய்த ஒரு வேலையைப் பற்றி.

புதுக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரியும். இதற்கு டி.பி.எம்.எஸ். என்று பெயர். டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் படிக்கிற காலத்தில் இது பாடத்தில் இல்லை. ஆனால் உலகத்தில் இருந்தது. 1986ல் வந்த போர்ஷே 959 காரில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. அது பணக்காரர் வண்டி. சாதாரண வண்டிக்கு இது வர, அமெரிக்காவில் ஒரு பெரிய துயரம் நடக்க வேண்டியிருந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் போட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களில் மேல்பட்டை பிரிந்து வண்டிகள் உருண்டன. இறந்தவர்கள் 200 பேருக்கும் மேல். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கினார்கள். அந்த ஆண்டே அங்கே சட்டம் வந்தது. 2007 செப்டம்பருக்குப் பிறகு அங்கே விற்பனைக்கு உருவாகும் எல்லாக் கார்களிலும் இந்த ஏற்பாடு கட்டாயமானது. ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். நம் நாட்டில் கட்டாயம் இல்லாமலே நிறைய கார்களில் வந்துவிட்டது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2022, மே மாதம். ஒரு பெரியவர் கார் கொண்டுவந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். என் கடைக்குப் பல வருஷமாக வருகிறவர். 10,000 கிலோ மீட்டர் ஓடியிருந்தது. டயர்களை இடம் மாற்ற வேண்டிய நேரம். எதற்காக இடம் மாற்றுகிறோம் என்று கேட்டால், முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் முன் டயர் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பிரேக்கின் பெரும்பாகத்தையும் தாங்க வேண்டும். சீக்கிரம் தேயும். பின் டயர் சும்மா கூடவே வரும். அதனால் வழக்கம் என்னவென்றால், முன் டயர் இரண்டையும் அதே பக்கத்தில் நேராகப் பின்னால் கொண்டு போவோம். பின் டயர் இரண்டையும் குறுக்காக முன்னால் கொண்டு வருவோம். இடது பின் டயர் வலது முன்னுக்கு, வலது பின் டயர் இடது முன்னுக்கு.

அன்றைக்குக் கடையில் கூட்டம். இடம் மாற்றினோம், நட்டை டார்க் ரெஞ்சில் முறுக்கினோம், காற்று பார்த்தோம், அனுப்பி வைத்தோம். ஒரு வேலையை மட்டும் விட்டுவிட்டேன். எந்தச் சக்கரம் எங்கே போயிருக்கிறது என்று வண்டிக்குச் சொல்லவில்லை.

அது என்ன வண்டிக்குச் சொல்வது? அந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்து ஒரு சென்சார் உண்டு. அதற்குள் ஒரு சின்ன பேட்டரி, ஒரு ரேடியோ. ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் எண். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் விழித்துக்கொண்டு, "நான் இந்த எண், என் காற்று இவ்வளவு" என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். அது எந்த மூலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வண்டியின் கம்ப்யூட்டரில்தான் எழுதியிருக்கும், இந்த எண் என்றால் இடது முன், அந்த எண் என்றால் வலது பின் என்று. வகுப்பில் வருகைப் பதிவேடு மாதிரி. பையன்கள் பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டார்கள், பதிவேடு மட்டும் பழைய இடத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது. சில வண்டிகள் ஓட ஓடத் தாமாகவே புது இடத்தைக் கண்டுகொள்ளும். இந்த வண்டி அப்படி இல்லை. நாம் எழுதித் தர வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெரியவர் போன் பண்ணினார். "தம்பி, விளக்கு எரியுது. முன்னாடி இடது டயர் 24ன்னு காட்டுது" என்றார். அந்த வண்டிக்கு 32 இருக்க வேண்டும். "பங்க்ல காட்டிக் காத்துப் புடிச்சுக்கங்க ஐயா" என்றேன். அரை மணி நேரத்தில் மறுபடி போன். "தம்பி, முன்னாடி இடதுல பாக்கச் சொன்னேன். பங்க் பையன் கேஜ் வெச்சுப் பாத்துட்டு 32 சரியா இருக்குங்கிறான். வண்டியில இன்னும் 24தான் காட்டுது. நாளைக்கு மதுரைக்குப் போகணும். போகலாமா?"

நண்பர்களே, இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பங்க் கேஜ் 32 என்கிறது. வண்டி 24 என்கிறது. மூணு நாளைக்கு முன்னால் டயர் இடம் மாறியிருக்கிறது. எல்லாத் தகவலும் என் கையில் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டயரை மாத்தினா ரெண்டு நாளைக்கு அப்படித்தான் காட்டும் ஐயா. சென்சார் குழப்பம். பங்க்ல சரியா இருக்கு இல்ல, தைரியமாப் போங்க."

தைரியமாகப் போனார். கூட அவர் வீட்டு அம்மா, பின் சீட்டில் ஆறு வயசுப் பேரன். மே மாத வெயில். காலையில் கிளம்பும்போது விளக்கு எரிந்தது, எண் 19 ஆகியிருந்தது. நான்தான் சொல்லிவிட்டேனே என்று அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். துவரங்குறிச்சி வருவதற்குள் வண்டி பின்பக்கம் ஆடியது. ஒரு சத்தம். இடது பின் டயர் கிழிந்துவிட்டது. 60க்கு மேல் ஓட்டாத மனுஷர் என்பதால் வண்டியை ஓரம் கட்ட முடிந்தது. பின்னால் லாரி எதுவும் நெருங்கி வரவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்ல முடிவதே அதனால்தான்.

நான் பையனைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். புளியமரத்து நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டயரைக் கழற்றிப் பார்த்தேன். மேலே ஓர் ஆணி. உள்ளே கை விட்டால் கை நிறைய ரப்பர் தூள். காற்று இல்லாமல் ஓடின டயரில் பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளேயே அரைபடும். அந்தத் தூள்தான் அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன் இடது டயர்தானே பின் இடதுக்குப் போனது! பங்க் கேஜ் சொன்ன 32 உண்மை. வண்டி சொன்ன 24ம் உண்மை. இரண்டும் வேறு வேறு டயர். வண்டி மூணு நாளாக நிஜத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஊர் சரி, விலாசம் மட்டும் பழசு. விலாசத்தை மாற்றி எழுத வேண்டியது என் வேலை.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நாலு டயரையும் பாக்கச் சொல்லியிருக்கலாமே?"

எனக்கு நம் ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் வந்தது. ஞாபகம் இருக்கிறதா? முதல் வருஷம், கையில் அரம், முன்னால் ஒரு இரும்புத் துண்டு. ராவி ராவிக் கை கொப்புளித்துப் போய், "சார், லெவல் ஆயிடுச்சு" என்று கொண்டு போய் நீட்டுவோம். சார் கண்ணால் பார்க்கவே மாட்டார். ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரியும். "டேய், உனக்குத் தோணுறது அளவு இல்லடா. அளந்து சொல்லு" என்பார். பல வருஷம் கழித்து, துவரங்குறிச்சி ரோட்டோரம், அந்தப் பாடத்தில் நான் ஃபெயில்.

அன்றிலிருந்து என் கடையில் ஒரு முறை வைத்திருக்கிறேன். வண்டி வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும், ஆட்டோமொபைல் படிக்கும் தம்பிகளுக்கும் பயன்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, கேஜ். டயர் இடம் மாறிய பின் விளக்கு எரிந்தால், திரையில் எந்த டயரைக் காட்டினாலும் சரி, நான்கையும் கேஜ் வைத்துப் பாருங்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டயருக்குள் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஒன்றரை, இரண்டு பி.எஸ்.ஐ. கூடும். ஓடிவந்த டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பங்க்காரரிடம் கேட்காதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு. இடம் மாற்றியவர் அதைக் கவனிக்காமல் விட்டால், பின்னுக்கான காற்றோடு டயர் முன்னால் நிற்கும். விளக்கு எரிய இதுவே போதும். பல பேருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளக்கு எரியவில்லை என்றால் காற்று சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அமெரிக்க விதிப்படி, சொன்ன அளவில் கால் பங்கு குறைந்தால் எரிந்தாக வேண்டும். 32 என்றால் 24. அதாவது 26 பி.எஸ்.ஐ.யில் நீங்கள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தாலும் விளக்கு வாய் திறக்காமல் இருக்கலாம். அது கடைசி எச்சரிக்கை. மாதம் ஒரு முறை கேஜ் வைப்பதற்கு அது மாற்று இல்லை.

இரண்டாவது, விளக்கு எப்படி எரிகிறது என்று பாருங்கள். சாவியைப் போட்டதும் ஒழுங்காக நின்று எரிந்தால் காற்றுப் பிரச்சினை. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் விட்டு விட்டு மின்னி, அப்புறம் நின்று எரிந்தால் பெரும்பாலான வண்டிகளில் அதற்கு வேறு அர்த்தம். ஏற்பாட்டிலேயே கோளாறு, ஏதோ ஒரு சக்கரத்தின் சேதி வரவில்லை. இடம் மாற்றும்போது ஸ்டெப்னியையும் சேர்த்துச் சுற்றில் விட்டிருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். பல வண்டிகளில் ஸ்டெப்னிக்குள் சென்சார் இருக்காது.

மூன்றாவது, உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை? திரையில் நான்கு டயருக்கும் தனித்தனியாக எண் வந்தால், சக்கரத்துக்குள் சென்சார் இருக்கிறது. எண்ணே இல்லாமல் ஒரு விளக்கும், ரீசெட் செய்ய ஒரு பட்டனோ மெனுவோ மட்டும் இருந்தால், அநேகமாக அது இன்னொரு வகை. அதில் டயருக்குள் ஒன்றும் கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காகச் சக்கர வேகம் பார்க்கும் சென்சாரையே அது பயன்படுத்திக்கொள்கிறது. காற்று குறைந்த டயர் கொஞ்சம் சப்பிப் போகும், மற்றதைவிடக் கூடுதலாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடும். டயர் இடம் மாறினால் பழைய கணக்கு உதவாது. ரீசெட் செய்து புதிதாகக் கற்றுக்கொள்ள விட வேண்டும்.

இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. விளக்கு எரிகிறது, பட்டனை அமுக்குகிறோம், அணைந்துவிடுகிறது, "சரியாப் போச்சு" என்கிறோம். ஒரு டயர் 24ல் இருக்கும்போது ரீசெட் அமுக்கினால், "இந்த 24தான் சரியான அளவு" என்று வண்டிக்குப் பாடம் நடத்துகிறோம். அது அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். அப்புறம் எப்படி எச்சரிக்கும்? முதலில் காற்று, பிறகுதான் பட்டன்.

நான்காவது, விலாசம் எழுதுவது. சக்கரத்துக்குள் சென்சார் உள்ள வண்டிகளில் இதற்கு மூன்று வழி உண்டு. சில வண்டிகள் பத்து இருபது நிமிஷம் ஓட்டினால் தாமே கற்றுக்கொள்ளும். சில வண்டிகளில் அதற்கான நிலைக்குக் கொண்டு போய், கையடக்கமான ஒரு கருவியை ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் பிடித்துச் சென்சாரை எழுப்ப வேண்டும். இடது முன், வலது முன், வலது பின், இடது பின் என்று சுற்றி வருவது பல வண்டிகளில் வழக்கம். மற்ற சிலவற்றில் ஸ்கேனரைச் செருகி எண்களை எழுத வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் இருக்கும்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு செலவில்லாத சோதனை சொல்கிறேன். ஏதாவது ஒரு டயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. காற்றை இறக்குங்கள். பக்கத்துத் தெரு வரைக்கும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். திரையில் அதே டயரின் எண் இறங்கினால் விலாசம் சரி. வேறு டயர் இறங்கினால் வேலை பாக்கி இருக்கிறது. பார்த்த பிறகு மறக்காமல் காற்றை நிரப்பிவிடுங்கள்.

ஐந்தாவது, கடைசியாகத்தான் சென்சார் மேல் சந்தேகம். இதை என் தொழில்காரர்களுக்கு எதிராகவே சொல்கிறேன், அவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. டயரை இடம் மாற்றும்போது ரிம்மோடு சேர்த்துத்தான் மாற்றுகிறோம். ரிம்மிலிருந்து டயரைப் பிரிப்பதே இல்லை. சென்சாரை யாரும் தொடுவதில்லை. அப்படியிருக்க, இடம் மாற்றி முடித்ததும், "சென்சார் போயிடுச்சு சார், புதுசு போடணும்" என்று யாராவது சொன்னால், "ரீலேர்ன் பண்ணிப் பாத்தாச்சா?" என்று கேளுங்கள். சென்சார் போகவே போகாது என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கும் பேட்டரி ஐந்திலிருந்து பத்து வருஷம் வரும். தீர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சீல் செய்திருக்கும். சென்சாரையே மாற்ற வேண்டும். பழைய வண்டி என்றால் அதையும் யோசிக்கலாம். பங்ச்சருக்குக் கண்ட திரவத்தையும் ஊற்றினால் அது சென்சாரின் துளையை அடைக்கலாம். ஆனால் இதெல்லாம் முதல் நான்கு வேலைக்குப் பிறகு.

இப்போது என் கடையில் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் டயரில் சாக்பீஸால் எழுதுகிறோம், மு.இ., மு.வ., பி.இ., பி.வ. என்று. மாட்டிய பின் திரையில் என்ன வருகிறது என்று ஒத்துப் பார்த்து, அந்த நான்கு எண்ணையும் பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் தருகிறோம். ஒரு வண்டிக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம் ஆகும். "என்னண்ணே, இதுக்கெல்லாமா நேரம்?" என்று புதுப் பையன் கேட்பான். கடை வாசலில் ஒரு கிழிந்த டயர் தொங்கவிட்டிருக்கிறேன். அதைக் காட்டுவேன்.

அந்தப் பெரியவருக்கு டயரை என் செலவில் போட்டுத் தந்தேன். வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. இப்போதும் என் கடைக்குத்தான் வருகிறார். ஒரே ஒரு மாற்றம். வண்டியை எடுப்பதற்கு முன்னால் தானே கேஜை வாங்கி நான்கு டயரையும் பார்ப்பார். முதல் தடவை அவர் அப்படிப் பார்த்தபோது எனக்கு முகம் சுருங்கியது. இப்போது நானே கேஜை எடுத்து நீட்டுகிறேன். பேரன் பில்லைத் திருப்பி எண்களைச் சத்தமாக வாசிப்பான்.

தம்பிகளே, நீங்கள் வேலைக்குப் போகும்போது இதைவிடப் பெரிய பெரிய கருவிகள் வந்திருக்கும். கருவி சொல்வதை அப்படியே நம்பி நான் ஏமாறவில்லை. "சென்சார் குழப்பம்" என்று ஒதுக்கித் தள்ளித்தான் ஏமாந்தேன். கருவி ஒன்று சொல்லி, அளவு வேறொன்று சொன்னால், இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் உண்மையாக இருக்க என்ன வழி என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்த ஒரு நிமிஷத்தை அன்றைக்கு நான் யோசித்திருந்தால், ஒரு குடும்பம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்காது.

சென்சாரை எழுப்பும் கருவி ஒன்றும், நல்ல கேஜ் இரண்டும் நம் ஆட்டோமொபைல் ஷாப்புக்காகக் கொண்டுவந்திருக்கிறேன். விழா முடிந்ததும் துறைத் தலைவரிடம் ஒப்படைக்கிறேன். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பையன்கள் கையில் கொடுங்கள். உடைந்தால் சொல்லுங்கள், வேறு வாங்கித் தருகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெளியே மைதானத்தில் ஐம்பது கார்களுக்கு மேல் நிற்கின்றன. பல பேர் இன்றிரவு சென்னைக்கும் கோவைக்கும் திரும்பப் போகிறீர்கள். என் வண்டியில் கேஜும் கம்ப்ரெசரும் இருக்கிறது. சாப்பாடு முடிந்து வண்டி ஆறி நிற்கும்போது வாருங்கள், நானே பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம். விளக்கு எரிகிறவர்கள் மட்டும் அல்ல, எரியாதவர்களும் வாருங்கள்.